பார்க்கலாம் சாரும் ஒரு லுக் இன்டுவும்

மனைவியிடம் இனி ஆயுசுக்கும் 'முடியாது' என்று சொல்வதில்லை என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டே பார்க்கலாம் சார் முடிவு செய்தார். யாரும் அவசரப்பட்டு அவரைப் பாராட்டிவிட வேண்டாம். 'சரி' என்றும் சொல்வதில்லை என்று அதே பல் துலக்கலில்தான் முடிவு செய்தார்.

இரண்டும் சொல்லாமல் ஒரு மனுஷன் குடித்தனம் நடத்த முடியுமா என்று கேட்பீர்கள். தாராளமாக முடியும். மூன்றே மூன்று இங்கிலீஷ் வார்த்தைகள் போதும். லுக் இன்டு இட்.

பார்க்கலாம் சார் ஒரு மின்விசிறிக் கம்பெனியில் புகார்ப் பிரிவுக்குத் தலைவர். பத்தொன்பது வருட சர்வீஸ். ஃபேன் சுற்றவில்லை, சுற்றினால் நிற்கவில்லை, நின்றது கழன்று விழுந்துவிட்டது என்று தினமும் மூட்டை மூட்டையாகக் கடிதம் வரும். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: "வி ஆர் லுக்கிங் இன்டு இட்." கையால் எழுதி எழுதி விரல் வலித்ததால் அதையே ஒரு ரப்பர் ஸ்டாம்பாகச் செய்துகொண்டார். ஊதா மை. அதை வாங்கிய எவனும் இதுவரை கோபப்பட்டதில்லை. அதில் பொய் கிடையாது, மெய்யும் கிடையாது. படித்தவனுக்கு நெஞ்சு குளிர்ந்துவிடும், ஃபேன் மட்டும் சுற்றாது. அலுவலகத்தில் அவருக்குப் பார்க்கலாம் சார் என்று பெயர் விழுந்தது இப்படித்தான். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் பத்திரமாக இருந்தது.

இவ்வளவு சக்தியுள்ள ஆயுதத்தை அவர் வீட்டுக்குள் கொண்டுவந்ததில்லை. கொண்டுவர வேண்டிய அவசியம் முந்தின நாள் சாயங்காலம்தான் வந்தது. அவர் மனைவி பின் ரூமைக் கேட்டுவிட்டாள்.

அவள் தையல் வேலை செய்கிறவள். தெருவுக்கே தையல்காரம்மா. ஆனால் அவள் தையல் மெஷின் இருந்த இடம் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே இருந்த நடை. தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள்கூட மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு பக்கவாட்டில்தான் நகர வேண்டும். பார்க்கலாம் சார் நகரும்போது முன்னால் மெஷின் இடிக்கும், பின்னால் சுவர் உரசும். வயிற்றை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது. துணி வெட்ட அவளுக்கு மேஜை கிடையாது. படுக்கையில் விரித்துக் குனிந்து வெட்டுவாள். ராத்திரி அவர் படுக்கும்போது முதுகில் குத்துவது மூட்டைப்பூச்சியா குண்டூசியா என்று பார்த்துவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

பன்னிரண்டு வருஷமாகத் தெருவாருக்குக் கிழிசலும் பட்டனும் தைத்தவளுக்கு இப்போது முதல் தடவையாக ஒரு பெரிய வேலை வாசல் தேடி வந்திருந்தது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கீழ் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் சீருடை. ஒரு நிபந்தனை. பள்ளிக்கூடத்து மேனேஜரம்மா ஒரு மாதத்துக்குள் வந்து, வேலை செய்ய முறையான இடம் இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லையென்றால் வேலை வேறு ஆளுக்கு.

பின் ரூமில் இருந்தவை பதினொரு ரேடியோக்கள். பதினொன்றும் பாடாது. ஞாயிறுதோறும் மத்தியானம் பார்க்கலாம் சார் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அங்கிருந்த சாய்வு நாற்காலியில் அவற்றைப் பழுது பார்ப்பார். அதாவது, பார்ப்பார். பார்த்துக்கொண்டே தூங்கிவிடுவார். உள்ளிருந்து வரும் குறட்டையை வீட்டில் ரேடியோவின் கரகரப்பு என்று நம்புவதாக அவர் நம்பினார்.

மனைவி மேல் அவருக்கு ஆசை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் 'முடியாது' என்று சொல்லத் தைரியம் வேண்டும், 'சரி' என்று சொல்ல மனசு வேண்டும். தைரியம் அவரிடம் இல்லை. மனசு ரேடியோக்களிடம் இருந்தது.

பல் துலக்கிவிட்டு வந்தவரிடம் காபியைக் கொடுத்துக்கொண்டே அவள் ஆரம்பித்தாள்.

"என்னங்க, ரூம் விஷயம் என்னாச்சு?"

"ஐ வில் லுக் இன்டு இட்."

"அப்படின்னா?"

"கவனிக்கிறேன்னு அர்த்தம்."

"பாக்கறேன்னு சொல்றீங்க."

"சும்மா பாக்கறது இல்லம்மா. அதுல ஏகப்பட்ட பாக்கறது இருக்கு." அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இப்ப பக்கத்து வீட்டு நாய் இருக்கு. நாம ஜன்னல்ல நின்னு அதைப் பாக்கறோம். அது லுக் அட். அவங்க வெளியூர் போனா நாயை நாம பாத்துக்கறோம். அது லுக் ஆஃப்டர். நாய் காணாமப் போச்சுன்னு வை, தெருத்தெருவாப் பாக்கறோம். லுக் ஃபார். ஏன் போச்சு, எப்படிப் போச்சு, கேட்டைத் திறந்தது யாருன்னு தீர விசாரிக்கிறோம் பாரு, அதுதான் லுக் இன்டு."

"நாய் கிடைச்சுதா?"

"எந்த நாய்?"

"தீர விசாரிச்சீங்களே, அந்த நாய்."

"அது வேற டிபார்ட்மென்ட்."

அவள் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். அது லுக் அட்டா, லுக் இன்டுவா என்று அவருக்குப் புரியவில்லை.

"சரிங்க, லுக் இன்டு எப்ப முடியும்?"

"எழுத்து மூலமாக் குடுத்தாத்தானே ஆரம்பிக்கவே முடியும்? வாய்ல சொன்னதை எல்லாம் எப்படி லுக் இன்டு பண்றது?"

இப்படிக் கேட்டால் அவள் சலித்துக்கொண்டு போய்விடுவாள் என்று அவர் கணக்குப் போட்டார். வீட்டில் காகிதத்துக்குப் பஞ்சமில்லை என்பதை மறந்துவிட்டார். கம்பெனியில் தப்பாக அச்சான புகார் ஃபாரங்களைக் கட்டுக்கட்டாக வீட்டுக்குக் கொண்டுவருபவரே அவர்தான். தையலில் துணி வெட்டுமுன் அதே அளவுக்குக் காகிதத்தில் வெட்டி வைத்துக்கொள்வார்கள் அல்லவா, பேப்பர் கட்டிங், அதற்காக. அந்த வீட்டுச் சட்டைக் கை, காலர், பாக்கெட் எல்லாமே முதலில் புகாராகப் பிறந்தவைதான்.

ஐந்தே நிமிஷத்தில் ஒரு ஃபாரம் பூர்த்தியாகி வந்தது. கோளாறுள்ள பொருள்: வீட்டுக்காரர். மாடல்: பழசு. உத்தரவாதக் காலம்: தாண்டியாச்சு. கோளாறின் தன்மை: சொன்னது காதில் ஏறவில்லை. கோரிக்கை: பின் ரூம்.

பார்க்கலாம் சார் வாய்விட்டுச் சிரித்தார். ரசனையுள்ள மனுஷன். பையிலிருந்த ஸ்டாம்பை எடுத்து 'லுக்கிங் இன்டு இட்' என்று ஊதா மையில் ஓங்கிக் குத்தி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அவள் அதை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். பார்க்கலாம் சார் கம்பெனி மையில் வைத்துக்கொண்டார்.

முதல் வாரம் தினமும் கேட்டாள். "லுக் இன்டு ஆயிட்டிருக்கா?" "ஆயிட்டே இருக்கும்மா." இரண்டாவது வாரம் எதிர்வீட்டு இங்கிலீஷ் டீச்சர் அளவு கொடுக்க வந்தபோது, நடையில் இரண்டு பேரும் பேசிக்கொண்டது குளிக்கப் போன பார்க்கலாம் சாரின் காதில் விழுந்தது.

"டீச்சர், லுக்கிங் இன்டு இட்டுன்னா எப்ப முடியும்?"

"முடியாதுங்க. ஐஎன்ஜி போட்டிருக்கே. நடந்துக்கிட்டே இருக்கும். முடியவே முடியாது."

படித்தவர்களே சொல்லிவிட்டார்கள். பார்க்கலாம் சார் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு விசில் அடித்தபடி குளியலறைக்குள் போய்விட்டார். டீச்சர் அதற்கு மேலும் ஏதோ சொன்னார். நின்று கேட்டிருக்க வேண்டும்.

அதற்கப்புறம் அவள் ரூமைப் பற்றி வாயே திறக்கவில்லை. காபி முன்னைவிட நன்றாக இருந்தது. கூப்பிட்ட குரலுக்கு "வந்தேங்க" என்றாள். கல்யாணம் ஆன எந்த ஆணும் உஷாராகியிருப்பான். பார்க்கலாம் சாருக்கு வயிறு ஒரு சுற்றுப் பெருத்தது.

ஃபாரம் கொடுத்து இருபத்திரண்டு நாள் ஆன திங்கட்கிழமை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, வழக்கப்படி மூச்சை இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் நடைக்குள் நுழைந்தவர், இடிக்க எதுவும் இல்லாமல் தடுமாறி எதிர்ச்சுவரில் போய் நின்றார். நடையில் மெஷின் இல்லை. தலைக்கு மேலே புதுப் பலகை அடித்து, அதில் பதினொரு ரேடியோக்களும் தூசி தட்டி வரிசையாக நின்றன. பின் ரூமில் ஜன்னலோரம் மெஷின். நடுவில் நீளமாக ஒரு மேஜை. மேஜை மேல் நீலத் துணி. துணிக்குப் பக்கத்தில் கத்திரிக்கோலும் கையுமாக மனைவி.

"என்னம்மா இது? யாரைக் கேட்டு?"

"உங்களைக் கேட்டுத்தான். ஸ்டாம்ப் அடிச்சுக் குடுத்தீங்களே."

"அது லுக் இன்டு. சரின்னு நான் எங்க சொன்னேன்?"

"நீங்க சொல்ல வேண்டாங்க. ரூலே சொல்லிடுச்சு."

மேஜையிலிருந்து ஒரு பேப்பர் கட்டிங்கை எடுத்து நீட்டினாள். ஒரு முழுக்கைச் சட்டையின் வலது கை. ஒட்டிய புகார் ஃபாரங்களின் பின்பக்கம். முழங்கைக்குக் கொஞ்சம் மேலே பொடி எழுத்தில் விதி ஏழு. 'புகார் பெற்ற இருபத்தொரு நாட்களுக்குள் எழுத்து மூலம் முடிவு தரப்படாவிட்டால், கோரிக்கை ஏற்கப்பட்டதாகக் கருதப்படும்.'

"எந்த முட்டாள் எழுதினான் இதை?"

"மணிக்கட்டுக்குப் பக்கத்துல பாருங்க. பேரு இருக்கு."

இருந்தது. சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருந்த அதே பெயர். ஆறு வருஷத்துக்கு முன்னால், வாடிக்கையாளர் மனம் மகிழ ஏதாவது எழுது என்று மேலிடம் கேட்டபோது அவரே எழுதியது. ஃபாரத்தின் பின்பக்கத்தைப் படித்த வாடிக்கையாளர் இன்னும் பிறக்கவில்லை என்ற நம்பிக்கையில் எழுதியது. ஆனால் தையல்காரிக்கு எந்தத் துணியானாலும் உள்பக்கத்தைப் புரட்டிப் பார்த்துத்தான் பழக்கம். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சரிதான், பார்க்கலாம் சாரோ தன் கையால் கெட்டார். அதுவும் முழுக்கை.

"மேனேஜரம்மா காலைல பதினொரு மணிக்கு வந்துட்டுப் போயிட்டாங்க. இடம் நல்லா இருக்குன்னாங்க. வேலை எனக்குத்தான்." அதைச் சொல்லும்போது அவள் முகம் பூரித்திருந்தது. பார்க்கலாம் சார் அதைக் கவனித்தார். கவனித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

"நான் அப்பீல் பண்ணுவேன்."

"எழுத்து மூலமாக் குடுங்க."

ஃபாரத்தை எடுத்து எழுத உட்கார்ந்தபோதுதான் அவர் மூளையில் பளிச்சென்று பட்டது. அந்த விதி ஏழு இரண்டு பக்கமும் வெட்டுமே. இவளும் என்ன செய்வாள்? பழிக்குப் பழியாக அதே ஸ்டாம்பை அடித்துக் கொடுப்பாள். அப்புறம் சீருடை வேலையில் மூழ்கிவிடுவாள். இருபத்தொரு நாள் ஓடினால் கோரிக்கை ஏற்கப்பட்டதாகக் கருதப்படும். ரூம் தானாக மடியில் வந்து விழும்.

'ரூம் திரும்ப வேண்டும்' என்று எழுதி, முகத்தை முடிந்தவரை சோகமாக வைத்துக்கொண்டு நீட்டினார். அவள் வாங்கிப் படித்தாள். அவர் பையிலிருந்த ஊதா ஸ்டாம்பை எடுத்தாள். அழுத்திக் குத்தினாள். லுக்கிங் இன்டு இட்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. பார்க்கலாம் சார் அவசரமாக நடைக்குப் போய், ரேடியோக்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு வந்தார்.

புதன்கிழமை காலை அவள் ஒரு புதுச் சட்டையை அவர் முன் வைத்தாள். இளநீலம், முழுக்கை, உள்பக்கமும் ஒரு பாக்கெட்.

"உங்களுக்குத்தான். அந்த ரூல் ஏழு பேப்பரை வெச்சு வெட்டின கைதான். கோவம் போகட்டும்னு ராவும் பகலுமா உக்காந்து தைச்சேன். உள் பாக்கெட் நல்லா வந்திருக்கான்னு பாருங்க."

"பாக்கறேம்மா, பாக்கறேன்."

"ஊருக்கெல்லாம் சட்டை பண்றேன். இந்த வீட்டுல என்னைச் சட்டை பண்றவங்கதான் இல்லை."

"பண்றேன்மா," என்று சொல்லிக்கொண்டே போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். அச்சில் வார்த்தது போல இருந்தது. அலுவலகத்தில் எல்லாரும் கேட்டார்கள். அதற்கப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அதே சட்டைதான். தோய்த்துக் காய்ந்ததும் எடுத்து மாட்டிக்கொள்வார்.

நாட்கள் ஓடின. பார்க்கலாம் சார் நாட்காட்டியைக் கண்ணாலேயே எண்ணிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சும்மா எட்டிப் பார்ப்பது போலப் பின் ரூமுக்குள் போனார். சாய்வு நாற்காலியை அவள் வெளியே போடவில்லை. மூலையில் ஒரு தலையணையோடு கிடந்தது. ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தார். மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. கண் விழித்தபோது சாயங்காலம். அப்படி ஒரு தூக்கம் ரேடியோக்களோடு இருந்தபோதுகூட வந்ததில்லை.

அடுத்த ஞாயிறும் போனார். பாதித் தூக்கத்தில் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். படுக்கையில் குனிந்து வெட்டியவள் இப்போது நிமிர்ந்து நின்று வெட்டினாள். 'இடுப்பு விட்டுப் போச்சுங்க' என்று ராத்திரி அவள் புலம்பிப் பல நாள் ஆகிவிட்டது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பன்னிரண்டு வருஷமாக அந்தப் புலம்பலுக்கும் 'பாக்கலாம்' என்றுதான் சொல்லிவந்திருக்கிறார். மனசுக்கு என்னவோ போல இருந்தது.

அங்கேயே, நாற்காலியிலேயே, ஒரு மகத்தான முடிவுக்கு வந்தார். இருபத்தொரு நாள் முடியட்டும். விதிப்படி ரூமை ஜெயிப்போம். ஜெயித்த கையோடு, 'இந்தா, வெச்சுக்கோ' என்று அவளுக்கே கொடுத்துவிடுவோம். அவள் கண் கலங்க வேண்டும். புருஷன் என்றால் இவரல்லவா புருஷன் என்று எதிர்வீட்டு டீச்சரிடம் சொல்ல வேண்டும். தோற்று விட்டுக்கொடுப்பதில் என்ன பெருமை இருக்கிறது? ஜெயித்து விட்டுக்கொடுக்க வேண்டும். என்ன பேசுவது என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஒத்திகை பார்த்தார்.

இருபத்திரண்டு நாள் ஆன செவ்வாய்க்கிழமை. இளநீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அலுவலகத்துக்குக் கிளம்பும் முன் பின் ரூம் வாசலில் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார். அவள் மெஷினை நிறுத்தவில்லை.

"இன்னிக்கு என்ன நாள்னு தெரியுமா?"

"செவ்வாக்கிழமை."

"என் அப்பீல் குடுத்து இருபத்திரண்டு நாள் ஆச்சு. எழுத்து மூலமா உன்கிட்டேர்ந்து பதில் வரலை. ரூல் ஏழு. ரூம் என்னோடது." கையை உயர்த்தினார். "ஆனா இந்தச் சமயத்துல நான் ஒண்ணு சொல்ல விரும்பறேன்."

"பதில் குடுத்தாச்சேங்க."

கை உயரத்திலேயே நின்றது. "யாருகிட்ட?"

"உங்ககிட்டதான்."

"எப்ப?"

"அன்னிக்கே, புதன்கிழமை. பாக்கெட்டைப் பாருங்கன்னு சொன்னேன். பாக்கறேன், பாக்கறேன்னீங்க. இருபது நாளா நெஞ்சுலதான் வெச்சுக்கிட்டுத் திரியறீங்க. இன்னுமா உள்ள பாக்கல?"

பார்க்கலாம் சார் சட்டையின் உள் பாக்கெட்டுக்குள் கைவிட்டார். காகிதம் எதுவும் இல்லை. பாக்கெட்டை வெளியே இழுத்துப் புரட்டினார். உள்பக்கத்தில் பச்சை நூலில் பொடிப்பொடியாகத் தையல் எழுத்து. மேலே புதன்கிழமைத் தேதி. கீழே அவள் கையெழுத்து, ஊசியால். நடுவில்: 'லுக்டு இன்டு இட். முடியாது.'

எத்தனை தடவை தோய்த்தும் சாயம் போகவில்லை. நல்ல நூல்.

"இது எப்படி எழுத்து மூலம் ஆகும்?" பாக்கெட்டைப் பிடித்தபடியே கேட்டார்.

"தையல்காரி எழுத்து இப்படித்தாங்க இருக்கும். முடிஞ்சா 'லுக்டு'ன்னு போடணும்னு டீச்சர் அன்னிக்கே சொன்னாங்க."

"இல்லம்மா, நான் ரூமைத் திரும்ப உனக்கே குடுக்கலாம்னுதான் வந்தேன். சத்தியமா."

அவள் மெஷினை நிறுத்தினாள். அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணில் சிரிப்பு இருந்தது, பிரியமும் இருந்தது. இரண்டையும் அவர் பார்த்தார்.

"என்னோடதை எனக்கே எப்படிங்க குடுப்பீங்க?"

அதற்கு விதி எதுவும் இல்லை.

"மூஞ்சிய இப்படி வெச்சுக்காதீங்க. நாற்காலி அங்கேயேதான் இருக்கும். ஞாயித்துக்கிழமை வந்து தூங்குங்க."

"நான் எங்க தூங்கினேன்? ரேடியோவை ரிப்பேர்..."

"ரேடியோ எல்லாம் நடையில இருக்குங்க. குறட்டை மட்டும் இங்க வருது."

அவள் மறுபடி மெஷினை ஓட்ட ஆரம்பித்தாள். பார்க்கலாம் சார் பாக்கெட்டைப் பத்திரமாக உள்ளே திருப்பி வைத்துக்கொண்டு நடைக்கு வந்தார். லுக் இன்டு இட்டுக்கு இறந்தகாலம் என்று ஒன்று உண்டு என்பதே, பத்தொன்பது வருட சர்வீஸில், அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.